கையால் சுற்றும்போது கனக்கிறது என்றால் மோட்டார் கெட்டுவிட்டதா?

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் தாத்தாவின் டுரியான் தோட்டத்துக் கொட்டகையில் விளக்கு எரிய வேண்டும் என்று, பழைய சாமான் கடையில் ஒரு டிரெட்மில் மோட்டாரை வாங்கிச் சோதித்துப் பார்த்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். மோட்டாரின் தகட்டில் 180 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் பாயும் மின்சாரம்), நிமிடத்துக்கு 4000 சுற்று என்று இருப்பதாகச் சொல்கிறார். தண்டைக் கையால் சுற்றியபோது மல்டிமீட்டர் 4, 5 வோல்ட் காட்டியிருக்கிறது. 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை மாட்டியதும் அது 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, பல்பும் எரியவில்லை. இரண்டு ஒயர்களின் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டபோது, உள்ளே யாரோ பிடித்து நிறுத்துவதைப் போலத் தண்டு கனத்திருக்கிறது. பிரித்ததும் பழையபடி இலகுவாகிவிட்டது. மோட்டார் கெட்டுவிட்டதா, இதை ஓடையில் வைத்தால் எத்தனை விளக்கு எரியும், மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒன்றுதான் என்றால் எதற்காகத் தனித்தனியே செய்து விற்கிறார்கள் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். உண்மையில் மூன்றும் ஒரே கேள்விதான்: சுற்றும்போது ஏன் கனக்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் அதிலிருந்தே விடை கிடைக்கும். பினாங்கின் பிறை வட்டாரத்தில் மோட்டார்களுக்குக் காயில் (கம்பிச் சுருள்) சுற்றும் பட்டறைகளிலும், பிறகு தொழிற்சாலைப் பராமரிப்பிலும் டி.சி. எந்திரங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: மோட்டார் கெடவில்லை. ஒயர்களைச் சேர்த்ததும் தண்டு கனப்பதே அதன் காந்தமும், ஆர்மேச்சர் என்னும் சுழலும் பகுதியின் காயிலும், அதற்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷும் நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளம். பட்டறையில் கருவி எதுவும் கைக்கு எட்டாதபோது, நிரந்தரக் காந்தம் வைத்த சிறு மோட்டார்களை நாங்கள் முதலில் இப்படித்தான் சோதிப்போம். ஒயர்களைச் சேர்த்த பிறகும் தண்டு இலகுவாகவே சுற்றினால்தான் கவலைப்பட வேண்டும். பிரஷ் தேய்ந்து, தண்டில் அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம், அல்லது காயில் எங்கோ அறுந்திருக்கலாம்.

காந்தப்புலத்துக்குள் இருக்கும் ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அக்கம்பியின்மீது ஒரு விசை செயல்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1821-இல் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி வலம்வரச் செய்து காட்டியது இதைத்தான். அதே கம்பியைக் காந்தப்புலத்துக்குள் நாம் அசைத்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. இதை அவர் 1831-இல் கண்டார். முதலாவது மோட்டார், இரண்டாவது ஜெனரேட்டர் என்று பள்ளியில் இரண்டு பாடங்களாகப் படிப்பதால், இரண்டும் வேறு வேறு எந்திரங்களில் வேறு வேறு நேரங்களில் நடப்பவை என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. உண்மையில் சுழல்கின்ற எந்த ஆர்மேச்சரிலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தம்பி தண்டைச் சுற்றினார், மின்னழுத்தம் பிறந்தது. ஒயர்கள் பிரிந்திருந்தவரை மின்னோட்டம் பாய வழியில்லை. முனைகள் சேர்ந்ததும் மின்னோட்டம் பாய்ந்தது. பாய்ந்த மின்னோட்டத்துக்கும் அதே காந்தத்துக்கும் இடையே விசை பிறந்தது. அவ்விசை சுற்றும் கையை எதிர்த்தது. எப்போதும் எதிர்க்கும் திசையில்தான் அது பிறக்கும் என்பதை எமில் லென்ஸ் 1834-இல் விதியாக வகுத்தார். அது உதவும் திசையில் பிறக்குமானால், ஒருமுறை தள்ளிவிட்ட ஆர்மேச்சர் தானாகவே வேகமெடுத்து, ஒன்றும் செலவில்லாமல் மின்சாரம் தந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒன்று நடப்பதில்லை. கையில் உணர்ந்த அந்தக் கனம்தான் மின்சாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

இதை எண்ணாலும் சொல்லலாம். தகட்டில் உள்ளபடி 4000 சுற்றுக்கு 180 வோல்ட் என்றால், 1000 சுற்றுக்குச் சுமார் 45 வோல்ட். கையால் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றியிருந்தால் 4.5 வோல்ட் வரவேண்டும். அவர் கண்டதும் ஏறத்தாழ அதுவே. சுழற்சி வேகத்தை ரேடியன் என்ற கோண அளவில் (ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன்) எழுதினால் இந்த எண் வினாடிக்கு ஒரு ரேடியனுக்கு 0.43 வோல்ட் என்று ஆகும். இங்கே ஓர் அழகான சங்கதி இருக்கிறது: அதே மோட்டார் ஓர் ஆம்பியர் மின்னோட்டத்துக்கு எவ்வளவு முறுக்குவிசை (தண்டைத் திருப்பும் வலிமை) தரும் என்று கணக்கிட்டால், அதுவும் 0.43 நியூட்டன்-மீட்டர்தான். மோட்டாராக அதன் வலிமையைச் சொல்லும் எண்ணும் ஜெனரேட்டராக அதன் வலிமையைச் சொல்லும் எண்ணும் ஒன்றே, தோராயமாக அல்ல, சரியாகவே ஒன்று. உள்ளே செல்லும் ஆற்றலும் வெளியே வரும் ஆற்றலும் இழப்பு போகச் சமமாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து இது தானாக வருகிறது. தம்பி ஒயர் முனைகளைத் தொடவிட்டபோது மூன்று ஆம்பியர் பாய்ந்திருந்தால் 1.3 நியூட்டன்-மீட்டர் எதிர்ப்பு. ஐந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துச் சுற்றும் விரல்களுக்கு அது இரண்டரைக் கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். கனக்காமல் என்ன செய்யும்? பல்பு எரியாததற்கும் காரணம் இதே இடத்தில் இருக்கிறது. எரியாத பல்பின் இழை குளிர்ந்திருக்கும். குளிர்ந்த இழையின் மின்தடை எரியும்போது இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே அது ஒயர்களை நேரடியாகச் சேர்ப்பதற்கு ஒப்பாகவே நடந்துகொண்டது. பிறந்த வோல்ட்டில் பெரும்பகுதி மோட்டாரின் உள்தடையிலும் பிரஷ்ஷிலுமே செலவழிந்துவிட்டது.

இனி எந்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். அதே மோட்டாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். சுழலத் தொடங்கியதும் உள்ளே மின்னழுத்தம் பிறக்கும். அது வெளி மின்சாரத்துக்கு எதிராக நிற்கும். இதை எதிர் மின்னழுத்தம் என்கிறோம். பட்டறைக்கு வந்த ஒரு நடுத்தர மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள்: 220 வோல்ட், முழுச்சுமையில் 40 ஆம்பியர், ஆர்மேச்சரின் தடை அரை ஓம். ஓடும்போது உள்தடையில் இழப்பது 20 வோல்ட் மட்டும். மீதி 200 வோல்ட்டையும் எதிர் மின்னழுத்தம் தாங்கிக்கொள்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இந்தத் தடுப்பு இல்லை. சுவிட்சைப் போட்ட கணத்தில் 220 வோல்ட்டும் அந்த அரை ஓம்மின்மீது விழும். 440 ஆம்பியர் பாயப் பார்க்கும், அதாவது முழுச்சுமையைப்போல் பதினொரு மடங்கு. பழைய டி.சி. மோட்டார்களுக்குப் பக்கத்தில் பித்தளைக் குமிழ்களும் கைப்பிடியும் கொண்ட ஸ்டார்ட்டர் பெட்டி இருப்பது இதனால்தான்; முதலில் தடைகளைத் தொடராகச் சேர்த்து, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக நீக்குவார்கள். பொறுமையில்லாத ஆள் கைப்பிடியை ஒரே இழுப்பில் தள்ளினால் ஃபியூஸ் போகும், சில வேளை கம்யூட்டேட்டரும் கருகும்.

ஆக, வெளி மின்னழுத்தம் பெரிதா, உள்ளே பிறக்கும் மின்னழுத்தம் பெரிதா என்பது ஒன்றே அது மோட்டாரா ஜெனரேட்டரா என்பதைத் தீர்மானிக்கிறது. வெளியில் இருப்பது பெரிதானால் மின்னோட்டம் உள்ளே பாயும், அது மோட்டார். தண்டை யாரோ இன்னும் வேகமாகச் சுற்றி உள்ளிருப்பதைப் பெரிதாக்கினால் மின்னோட்டம் திசை திரும்பி வெளியே பாயும், அது ஜெனரேட்டர். எந்தச் சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை. பாரம் இறக்கும் கிரேனிலும், சரிவில் இறங்கும் மின்சார ரயிலிலும், வேகம் குறைக்கும் மின்சாரக் காரிலும் இப்படித்தான் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. திருப்பித் தர வழியில்லாத இடத்தில் ஒரு பெரிய தடையை மாட்டி அதில் எரித்துவிடுவார்கள். தம்பி ஒயர்களைச் சேர்த்துப் பார்த்தது, மின்சாரத்தாலேயே பிரேக் போடும் இந்த முறையின் சின்ன வடிவம்தான்.

இந்தத் திரும்பும் தன்மையை உலகுக்குப் பறைசாற்றியது 1873-ஆம் ஆண்டின் வியன்னா கண்காட்சி. ஸெனோப் கிராம் செய்த ஒரு ஜெனரேட்டரின் மின்சாரத்தை அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றுக்குச் செலுத்தியபோது அது மோட்டாராகச் சுழன்றது, இவ்வளவும் உறுதி. தொழிலாளி ஒருவர் ஒயரைத் தவறுதலாக மாட்டியதால் அது தற்செயலாக நடந்தது என்று வகுப்பறைகளில் சுவையாகச் சொல்லப்படும் கதை பலவிதமாக வழங்குகிறது. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். எந்திரம் திரும்பிச் செயல்படக்கூடும் என்பதை ஆய்வறைகளில் இருந்தோர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர். ஓரிடத்தில் உண்டாக்கும் விசையைக் கம்பி வழியாக இன்னோர் இடத்துக்கு அனுப்பி வேலை வாங்கலாம் என்பதைத் தொழில்துறையினர் கண்ணால் கண்டதுதான் வியன்னாவின் சிறப்பு.

அப்படியானால் ஏன் தனித்தனியே செய்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. மேலே சொன்ன 220 வோல்ட் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அது 1000 சுற்றில் ஓடும்போது உள்ளே பிறப்பது 200 வோல்ட். அதே வேகத்தில், அதே காந்தப்புலத்தோடு, அதே 40 ஆம்பியருக்கு அதை ஜெனரேட்டராக ஓட்டினால், பிறக்கும் 200 வோல்ட்டில் 20 உள்ளேயே இழந்து, முனையில் 180 வோல்ட்தான் கிடைக்கும். முனையில் 220 வேண்டுமானால் உள்ளே 240 பிறக்க வேண்டும். அதற்கு 1200 சுற்றில் ஓட்ட வேண்டும். மோட்டார் என்று தகடு அடித்ததை ஜெனரேட்டராகப் பயன்படுத்துபவர் எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வோல்ட்டைக் காண்பது இதனால்தான். அதை யாரும் குறையாக எண்ண வேண்டியதில்லை. அடுத்தது பிரஷ்ஷின் இடம். ஆர்மேச்சரில் பாயும் மின்னோட்டமும் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி மூலப்புலத்தைச் சற்றுச் சாய்த்துவிடும். அதனால் பொறி பறக்காமல் இருக்க, ஜெனரேட்டரில் பிரஷ்ஷைச் சுழலும் திசையில் சற்று முன்னுக்கும், மோட்டாரில் பின்னுக்கும் நகர்த்தி வைப்பது பழைய வழக்கம். பெரிய எந்திரங்களில் துருவங்களுக்கு இடையே சிறு துணைத் துருவங்களை வைத்து இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டார்கள். அவற்றைக் கொண்ட எந்திரம் இரு வேலைக்கும் பொதுவாகப் பயன்படும்.

புலத்தை எப்படி உண்டாக்குவது என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. நிரந்தரக் காந்தம் இல்லாத பழைய ஜெனரேட்டர், தன் காந்தத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 1866, 1867 ஆண்டுகளில் ஸீமென்ஸ், வீட்ஸ்டன், வார்லி மூவரும் தனித்தனியே எட்டிய கருத்து இது: இரும்பில் எப்போதும் சிறிதளவு எச்சக் காந்தம் தங்கியிருக்கும், அது ஓரிரண்டு வோல்ட்டை உண்டாக்கும், அந்த வோல்ட், காந்தப்புலத்தை உண்டாக்கும் புலக் காயிலில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தும், அது காந்தத்தை வலுவாக்கும், காந்தம் இன்னும் வோல்ட்டை ஏற்றும், இரும்பு நிறைவடையும்வரை இப்படியே ஏறிச்சென்று ஓரிடத்தில் நிலைக்கும். இது தொடங்காமல் போவதற்குச் சில காரணங்கள் உண்டு: எச்சக் காந்தம் அழிந்திருக்கலாம், எந்திரம் மாறான திசையில் சுற்றலாம், புலக் காயில் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம், புலச் சுற்றில் தடை அதிகமாக இருக்கலாம், அல்லது வேகம் போதாமல் இருக்கலாம். பல ஆண்டு சும்மா கிடந்த ஜெனரேட்டரைக் காயில் கருகிவிட்டது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் காயிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எந்திரத்தை நிறுத்தி, ஆர்மேச்சரை மின்சுற்றிலிருந்து கழற்றிவிட்டு, புலக் காயிலுக்குச் சரியான முனை பார்த்து ஒரு கார் பேட்டரியைச் சில வினாடிகள் தொட்டு எடுத்தால் இரும்பு மீண்டும் காந்தமாகிவிடும். எடுக்கும்போது முனையை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. அந்தக் காயிலில் தேங்கிய ஆற்றல் நல்ல அடி கொடுக்கும். தம்பியின் மோட்டாரில் நிரந்தரக் காந்தமே இருப்பதால் இந்தத் தலைவலி எதுவும் அவருக்கு இல்லை. டிரெட்மில் மோட்டார்களைச் சிறு ஜெனரேட்டருக்குப் பலர் விரும்புவதற்கு முக்கியக் காரணம் அதுவே.

இனி ஓடைக்கு வருவோம். 20 லிட்டர் வாளி இரண்டு வினாடியில் நிரம்புகிறது என்றும், தண்ணீரை மேலிருந்து கொட்டும்படி ஒன்றரை மீட்டர் விட்டத்தில் ஒரு சக்கரம் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் வினாடிக்கு 10 லிட்டர், ஒன்றரை மீட்டர் உயரம். புவியீர்ப்பு எண்ணால் பெருக்கினால் தண்ணீரில் இருப்பது 147 வாட். இது உறுதியான கணக்கு. எந்த எந்திரத்தாலும் இதற்குமேல் ஒரு வாட்டும் எடுக்க முடியாது. இதற்குப் பிறகு வருபவை என் மதிப்பீடுகள்: வீட்டில் செய்த சக்கரம் அறுபது விழுக்காடு, பெல்ட் எண்பத்தைந்து, குறைந்த வேகத்தில் ஓடும் இந்த மோட்டார் அறுபது விழுக்காடு தரும் என்று வைத்தால் மிஞ்சுவது சுமார் 45 வாட். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஓடை இரவு பகல் ஓடுவது. ஒரு நாளைக்கு ஒரு கிலோவாட்-மணிக்குச் சற்று மேல் சேரும். பத்து எல்.இ.டி. பல்புகளை, ஒன்று 9 வாட் என்று கொண்டால், இரவில் ஆறு மணி நேரம் எரிப்பதற்கு வேண்டியது அதில் பாதிதான். பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் போதும். மழை குறைந்த மாதங்களில் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அளந்து பாருங்கள். கணக்கு அதைப் பொறுத்தே நிற்கும்.

வேகம்தான் சிக்கல். அந்த அளவுச் சக்கரம் நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து சுற்றுக்குமேல் நன்றாக வேலை செய்யாது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை ஏற்ற முனையில் சுமார் 14 வோல்ட் வேண்டும். மோட்டாரின் உள்தடையை ஒரு ஓம் என்று வைத்தால் மூன்று ஆம்பியரில் அதற்கு 3 வோல்ட், இரு பிரஷ்களுக்கும் சேர்த்து 2 வோல்ட், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுக்கு முக்கால் வோல்ட்; ஆக உள்ளே பிறக்க வேண்டியது ஏறத்தாழ 20 வோல்ட், அதாவது நிமிடத்துக்கு 440 சுற்று. சக்கரத்தை 22 சுற்று என்று கொண்டால் இருபது மடங்கு ஏற்ற வேண்டும். ஒரே பெல்ட்டில் அது நடக்காது. நடுவில் ஒரு தண்டு வைத்து இரண்டு கட்டமாக நான்கும் ஐந்துமாக ஏற்றலாம். 24 வோல்ட் பேட்டரித் தொகுதி வைத்தால் பிரஷ்ஷிலும் டையோடிலும் போகும் இழப்பு விகிதத்தில் பாதியாகும். ஆனால் வேகம் 700 சுற்றுக்குமேல் வேண்டும், பெல்ட் வேலை இன்னும் கூடும். என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு 12 வோல்ட்டே போதும் என்பேன்.

டையோடு எதற்கு என்று கேட்கக் கூடாது. அது இல்லாமல் மாட்டவே கூடாது. ஓடையில் குப்பை அடைத்துச் சக்கரம் நின்றால் உள்ளே பிறக்கும் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் கீழே போகும். மேலே சொன்ன விதிப்படி எந்திரம் உடனே மோட்டாராகிவிடும். பேட்டரி மின்சாரத்தில் சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும், முடியாமல் நின்றபடியே சூடேறிக் கருகும். இதற்கு எதிர்ப்புறமாக, பேட்டரி நிரம்பிச் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி இணைப்பைத் துண்டித்தால் சுமை இல்லாத சக்கரம் வேகமெடுக்கும், வோல்ட் ஏறும், கருவி எரியும். சூரிய ஒளித் தகட்டுக்குச் செய்த கட்டுப்பாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை இப்படித் துண்டிப்பவைதான்; அவற்றை அப்படியே இங்கே பயன்படுத்த வேண்டாம். நிரம்பியதும் மிகுதியை ஒரு தடைக் காயிலுக்குத் திருப்பி எரித்துவிடும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த மோட்டாருக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. டிரெட்மில் மோட்டார்களில் பலவற்றின் தண்டு முனையில் கனமான சக்கரம் மரையில் ஏற்றப்பட்டிருக்கும். மோட்டாராக ஓடும்போது தண்டுதான் சக்கரத்தை இழுத்துச் செல்கிறது. மரை அதனால் இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். ஜெனரேட்டராக அதே திசையில் ஓட்டினால் இப்போது சக்கரம் தண்டை இழுக்கிறது. மரைமீது விழும் முறுக்கு தலைகீழாகிறது. சில நாளில் அது தளர்ந்து கழன்று வரும். மாறான திசையில் சுற்றினால் மரை இறுகும். முனைகளின் நேர், எதிர் மாறிவிடும் என்பதைத் தவிர அதனால் கெடுதல் இல்லை. பிரஷ்ஷைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்த மோட்டார்களுக்கு ஜெனரேட்டர் வேலையில் அதுவே பொருத்தமான திசையும்கூட. ஆனாலும் பிரஷ் தாங்கி நேராக இல்லாமல் சாய்வாக வைக்கப்பட்டிருந்தால் ஒரு திசைக்கென்றே செய்தது என்று பொருள். அப்போது பழைய திசையிலேயே ஓட்டி, சக்கரத்தை ஒரு குறுக்கு ஆணியால் தண்டோடு பூட்டிவிடுங்கள். இன்னொன்று, அந்தச் சக்கரத்தில் இருக்கும் காற்றிறக்கைகள் 4000 சுற்றுக்கு ஏற்றவை. 440 சுற்றில் அவை ஒன்றும் குளிர்விக்காது. தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரில் பாதிக்குமேல் தொடர்ந்து எடுக்க வேண்டாம். மூன்று ஆம்பியருக்கு அச்சமில்லை.

பாலிடெக்னிக்கில் டி.சி. எந்திரப் பாடம் இனி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதாகவும் எழுதியிருக்கிறார். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. புலக் காயிலும் ஆர்மேச்சரும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த தொடர்ச் சுற்று மோட்டாருக்குத் தொடக்கத்தில் மிகுந்த முறுக்குவிசை உண்டு, இரும்பு நிறைவடையும்வரை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடும். அதனால் உலகெங்கும் ட்ராம்களும் ரயில்களும் நெடுங்காலம் அதை நம்பின. ஜார்ஜ் டவுனில் 1961 வரை ஓடிய ட்ராலிபஸ்களும் (மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேருந்துகள்) டி.சி. மின்சாரத்தில் ஓடியவையே. இன்று கோலாலம்பூரின் கெலானா ஜெயா தடத்திலும் காஜாங் எம்.ஆர்.டி. தடத்திலும் தண்டவாளப் பக்கம் வருவது இன்னமும் 750 வோல்ட் டி.சி.தான், ஆனால் ரயிலுக்குள் அதை மின்னணுக் கருவியால் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி, பிரஷ் இல்லாத மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். கெலானா ஜெயா தடத்தில் அந்த மோட்டார் சுழல்வதுகூட இல்லை. நீளவாக்கில் விரிந்து ரயிலைத் தள்ளுகிறது. வேகத்தை எளிதில் கட்டுப்படுத்தலாம் என்பதே டி.சி. மோட்டாரின் பெரிய அனுகூலமாக இருந்தது. அந்த அனுகூலத்தை மின்னணுவியல் எடுத்துக்கொண்டது. பிரஷ் தேய்வதும் கரித்தூள் படிவதும் மட்டும் அதன் கணக்கில் மிஞ்சின. ஆனாலும் காரின் ஸ்டார்ட்டர், வைப்பர், கண்ணாடி ஏற்றும் மோட்டார் எல்லாம் இன்றும் பெரும்பாலும் பிரஷ் வைத்தவை. டி.சி. மோட்டார் விசிறி என்று கடைகளில் விற்பவற்றில் கம்யூட்டேட்டரின் வேலையை மின்னணுச் சுவிட்ச் செய்கிறது. எதிர் மின்னழுத்தமும், மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் பொதுவான அந்த ஒற்றை எண்ணும் அங்கும் அப்படியே இருக்கின்றன. ஆகவே பாடத்தை விட்டுவிட வேண்டாம்.

படிக்கும்போது மனத்தில் நிறுத்த வேண்டிய அபாயங்கள் இரண்டு. தொடர்ச் சுற்று மோட்டாரைச் சுமையில்லாமல் ஓட்டக் கூடாது, பெல்ட்டிலும் மாட்டக் கூடாது. பெல்ட் அறுந்தால் மின்னோட்டம் குறையும், அதனால் புலம் மெலியும், எதிர் மின்னழுத்தத்தை எட்ட மோட்டார் மேலும் மேலும் வேகமெடுத்து ஆர்மேச்சரே சிதறும். புலக் காயில் ஆர்மேச்சருக்கு இணையாக மாட்டப்பட்ட இணைச் சுற்று மோட்டார் வேகத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும் சாதுதான். ஆனால் ஓடும்போது அதன் புலக் காயில் ஒயர் கழன்றால் அதுவும் அதே வழியில் போகும்.

தம்பியின் மோட்டாரை நான் கண்ணால் பார்க்கவில்லை. 45 வோல்ட் என்பது தகட்டிலிருந்து கணக்கிட்டது, ஒரு ஓம் என்பது இந்த வகை மோட்டார்களைப் பார்த்த பழக்கத்தில் சொன்னது. ஆகவே புல்லி வாங்குவதற்குமுன் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். முதலாவதற்கு, வேகம் தெரிந்த ஒரு டிரில்லால் தண்டைச் சுற்றி, ஒன்றும் மாட்டாத முனையில் வோல்ட்டைப் பாருங்கள். இரண்டாவதற்கு மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். கார்பன் பிரஷ் வழியே அது தாறுமாறாகக் காட்டும். 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு கார் முகப்பு விளக்கைத் தொடராக மாட்டி மோட்டாருக்குக் கொடுங்கள். தண்டு சுழலாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் முனை வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுங்கள். தண்டைச் சற்றுத் திருப்பித் திருப்பி நாலைந்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். அதில் பிரஷ்ஷின் பங்கும் சேர்ந்தே வரும், அதனால் மேற்கண்ட கணக்கில் அந்த 2 வோல்ட்டைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. இந்த அமைப்பைக் கொட்டகையின் பேட்டரியோடும் எல்.இ.டி. விளக்குகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், தாத்தா வீட்டுக்கு வரும் தெனாகா நேஷனல் மின்வாரிய இணைப்போடு எந்த வகையிலும் சேர்க்காதீர்கள், ஏனெனில் கம்பத்தில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஏறுபவருக்கு உங்கள் பக்கத்திலிருந்து போகும் மின்சாரம் உயிர் ஆபத்து. அளந்த எண்கள் இரண்டையும் எழுதினால், இரண்டு கட்டப் புல்லிகளின் விட்டத்தைக் கணக்கிட்டுத் தருகிறேன்.